உதைக்காமல் கிளம்பிய வண்டி

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் போய், வருகிற தை அமாவாசையோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று அண்ணன் மகன் ஆசைப்பட்டான். நல்ல பிள்ளை. தென்னேரியில் என் வீடு தேடி வந்து, "அத்த, பெரியத்தயப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க, அச்சாபீஸ்ல கேக்கறாங்க" என்றான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "நல்லதா எழுதுங்க அத்த" என்று மறுபடியும் சொன்னான். அவனுடைய தாயார் சொல்லி அனுப்பியிருப்பார். அக்காவைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றவர்களைப் பற்றி என்ன வந்து விழுகிறதோ, அதற்கு நான் பொறுப்பல்ல.

அக்கா பிறந்தது காவாந்தண்டலத்தில், நெசவுக் குடும்பத்தில். அண்ணன் மூத்தவர், அடுத்தது அக்கா, கடைசி நான். இரண்டு பெண்களில் ஒருத்தி படித்தால் போதும் என்று எங்கள் தகப்பனார் முடிவு செய்தபோது அக்கா ஏற்கனவே தறி வேலைக்குப் பழகியிருந்தார். அதனால் படிப்பு எனக்கு வந்தது. நான் வாத்தியாரம்மா ஆனேன், அக்காவுக்குக் கையில் காய்ப்பு ஏறியது. நினைவு மலர்களில் வருகிற எல்லோரும் பொறுமையின் சிகரமாக இருப்பார்கள். அக்கா பொறுமைசாலி அல்லர். குள்ளம், முன்கோபம், சத்தமான சிரிப்பு. சொன்ன நேரத்தில் சொன்ன வேலை நடக்காவிட்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா காஞ்சிபுரத்து முதலாளி ஒருவரிடம் பட்டும் சரிகையும் வாங்கி வந்து சுற்றுக் கிராமங்களில் உள்ள தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். நெய்து முடிந்த புடவைகளைச் சேகரித்து முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குச் 'சுத்து' என்று பெயர். சுற்றுக்கு அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் தள்ளிய சீமை வண்டி, பல கை மாறி மாமாவிடம் வந்தது. ஓடத் தொடங்கிவிட்டால் யானை மாதிரி ஓடும். தொடங்க வைப்பதுதான் பாடு. கிக்கரை உதைத்த காலை உடனே எடுக்காவிட்டால் திருப்பி அடிக்கும்.

கோடையில் வற்றிக் கிடந்த ஏரிக்குள் மாமா அக்காவுக்கு அந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் உதைத்துக் கொடுப்பார், அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி ஓட்டுவார். ஊர் சிரித்தது. "சிரிக்கட்டும், அவங்க வாயி, அவங்க பல்லு" என்று மாமா விட்டுவிட்டார். அந்த மனுஷனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயுசு குறைவு என்பது ஒன்றுதான். எமர்ஜென்சி சமயத்தில் மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லியும் பத்தியமுமாகப் போராடிப் பார்த்தோம். மாமா பிழைக்கவில்லை. அக்காவுக்குப் பிள்ளையும் இல்லை.

கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பேச்சு சுற்றுக்கு வந்துவிட்டது. அண்ணன் அப்போது உத்திரமேரூரிலேயே அடுத்த தெருவில் இரண்டு தறி போட்டிருந்தார்.

"ஒனக்குன்னு யாரு கீறாங்க? எங்கூட்டுக்கு வந்துடு. சுத்த நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

"ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியாதேண்ணா" என்றார் அக்கா.

அது உண்மை. அண்ணனுக்கு நல்ல உடம்பு, ஆனால் வண்டி என்றால் உள்ளூரப் பயம். முதலாளியும், "யாரு வந்தா இன்னா, நாள் தவறாம பொடவ வந்து சேந்தா சரி" என்று சொல்லிவிட்டார். சுற்று அக்காவிடமே நின்றது. அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்பதா, தன் கையால் சம்பாதித்துத் தின்பதா என்பதுதான் அக்காவுக்கு முன்னால் இருந்த கேள்வி. வேறு எந்தக் கேள்வியும் அவர் வாழ்க்கையில் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

முதல் வாரமே வண்டி தன் புத்தியைக் காட்டியது. அக்கா தானே உதைக்கப் போக, கிக்கர் திருப்பி அடித்து வலது கணுக்கால் முறிந்தது. கட்டுப் போட்டு எலும்பு கூடியதே தவிர அந்தக் காலால் அழுத்தி உதைக்கிற பலம் திரும்பவில்லை. ஓட்டலாம், உதைக்க முடியாது. அதனால் உதைக்கும் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொண்டார். இதையும் உதவி என்றே எழுதுகிறேன், உதவிதான்.

அந்த உதவி எப்படி நடக்கும் என்றால், அக்கா விடிந்ததும் பட்டு மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் நிற்பார். அண்ணன் காபி குடித்து, பேப்பர் படித்து, எதிர்வீட்டுக்காரரிடம் மழை பற்றிப் பேசி முடித்துவிட்டு வருவார். வேட்டியை மடித்துக் கட்டுவார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு ஓங்கி ஒரு உதை. வண்டி கிளம்பியதும், "ம், போ" என்பார். நான் லீவுக்கு வந்திருந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். "எங்கண்ணன் ஒதச்சாத்தான் எனக்குப் பொழுதே விடியுது" என்று அக்கா சிரிப்பார். அப்போது அவர் கண் சிரிக்காது.

போன இடங்களில் இன்ஜினை அணைக்க முடியாது. அணைத்தால் உதைக்க ஆள் தேட வேண்டும். திருப்புலிவனத்திலும் காவாந்தண்டலத்திலும் தறிக்காரப் பெண்கள் "உக்காந்து ஒரு வாய் சாப்ட்டுப் போக்கா" என்று கூப்பிட்டால், வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருக்க அக்கா நின்றபடியே மோர் குடித்துவிட்டு வருவார். வழியில் தானாக நின்றுபோனால் போகிற வருகிற ஆண்பிள்ளை யாரையாவது கேட்க வேண்டும். கேட்கப்பட்ட எல்லோரும் உதைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனவர்கள் அல்லர். இதற்கு மேல் ஒரு நினைவு மலரில் எழுத முடியாது.

ஒருமுறை, தன்னைக் கேட்காமல் அக்கா தறிக்காரர் ஒருவருக்கு நெய்யப் பாவு நூல் கொடுத்துவிட்டார் என்று அண்ணனுக்குக் கோபம். மறுநாள் உதைக்க வரவில்லை. கால் வலி என்று சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த நாளும் வலி தீரவில்லை. புடவைகள் காஞ்சிபுரத்துக்குத் தாமதமாகப் போயின. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டார். அக்கா அங்கிருந்து நேராக உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த பாயிடம் போனார்.

"மொதலாளி காரு இன்னா ஒதச்சா கெளம்புது? பட்டன அமுக்கறாங்க, கெளம்புது. இதுக்கும் அத்த வெச்சிக் குடுங்க பாய்."

"அது காரும்மா. இது பைக்கு. சும்மா பேஜார் பண்ணாத."

"ரெண்டும் இன்ஜின்தான?"

 தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் பாய்க்கு இல்லை. "ஒரு வாரத்துல முடிச்சிடலாம் வா" என்றார். அந்த ஒரு வாரம் மாதக்கணக்கில் நீண்டது.

மெட்ராசில் பழைய இரும்புக் கடைகளைச் சுற்றி, உடைத்துப் போட்ட சின்னக் கார் ஒன்றின் செல்ஃப் மோட்டாரைப் பாய் வாங்கி வந்தார். இன்ஜினுக்குப் பக்கத்தில் தகடு வெட்டி அதை நிறுத்தி, செயின் போட்டு இணைத்தார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மோட்டார் தனியாகக் கழன்றுகொள்ள வேண்டுமே, அதற்கு சைக்கிளின் ஃப்ரீவீலைக் கொண்டுவந்து மாட்டினார். முதல் தடவை செயின் தெறித்துக் கடையின் கண்ணாடி போனது. இரண்டாம் தடவை ஃப்ரீவீலின் பல் பொடிந்தது. "இது ஆவற கதையில்லம்மா" என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டபோது, "கண்ணாடிக்கு நான் பொறுப்பு, நீங்க வேலயப் பாருங்க" என்று அக்கா அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். கடைசியில் செங்கல்பட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் கெட்டியாக ஒன்று கடைந்து வாங்கிப் போட்டார்கள். காரின் பேட்டரி இடது பக்கப் பெட்டியில் உட்கார்ந்தது. ஆசிட் ஒரு சொட்டுப் பட்டால் பட்டு ஓட்டையாகிவிடும் என்று பெட்டிக்கு உள்ளே தகரம் அடித்தார்கள். ஹேண்டில் பாரில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டன்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, பாய் கடை வாசலில் அக்கா அந்தப் பட்டனை அமுக்கினார். கர் கர் என்று இரண்டு முறை திணறிவிட்டு வண்டி கிளம்பியது. அக்கா அதை அணைத்தார். மறுபடி அமுக்கினார். மறுபடி கிளம்பியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "இன்னாடா இது, ஒதைக்காமலே கெளம்புது" என்று ஒருவர் மற்றவரைக் கேட்டார். அக்கா அழுதாராம். இதை எனக்குச் சொன்னது பாய். அக்காவைக் கேட்டால் கண்ணில் பெட்ரோல் பட்டது என்பார்.

அதிலிருந்து ஆயுத பூஜைவரையிலான காலம்தான் அக்கா வாழ்ந்த காலம் என்று நான் நினைக்கிறேன். அண்ணன் எழுந்திருப்பதற்கு முன்பே அக்கா திருப்புலிவனத்தைத் தாண்டியிருப்பார். தறிக்காரர் வீடுகளில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார், வம்பு பேசினார். ஒருநாள் தென்னேரிக்கே வந்து என் வாசலில் ஹாரன் அடித்தார். "சும்மா பாக்க வந்தேன்டி" என்றார். மாமா போனபிறகு அவர் எங்கேயும் சும்மா போனதில்லை.

அடுத்த தெருவில் ஒருவருக்குக் காலையில் செய்ய வேலை இல்லாமல் போயிற்று. காபி குடித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கே போவது? அண்ணனை யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் யாரும் பார்க்கவும் இல்லை. அண்ணியார்தான் வாய்விட்டுச் சொன்னார், கிணற்றடியில், அக்கா காதில் விழும்படி. "தாலியறுத்தவ கைய வெச்சி எடுக்கற வண்டியில பட்டு போவுது. நெசவுக்கு ஆவுமா இது? முன்னயாவது ஆம்பள ஒதச்சிக் குடுத்தான்."

 கோபக்கார அக்கா பதில் சொல்லாமல் வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டதற்கு, "வண்டிதான் பதில் சொல்லிக்கினு கீதே" என்றார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அண்ணன் தானே வந்து வண்டிக்குப் பூஜை போடுவதாகச் சொன்னார். அக்காவுக்கு மகிழ்ச்சி. அண்ணன் மனசு இறங்கிவிட்டது என்று நம்பி, பொரி கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கி வைத்தார். நானும் போயிருந்தேன். அக்கா கையால் பொட்டு வைக்கக் கூடாது என்பதால் அண்ணன்தான் வைத்தார். லைட்டுக்குப் பட்டையாக விபூதி, டேங்குக்கும் சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம். பிறகு கிண்ணத்தில் மீந்திருந்த சந்தனத்தை எல்லாம் வழித்தெடுத்து அந்தப் பட்டனிடம் போனார்.

"அதுல வோணாண்ணா, மாட்டிக்கும்" என்றார் அக்கா.

"இதான வண்டிக்கு உயிரு? இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?" என்று சொல்லி அண்ணன் பட்டன் மறையும்படி அப்பினார்.

அண்ணன் வேண்டுமென்று செய்தார் என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் எழுதவில்லை. பக்தியோடுதான் வைத்தார். அவர் திரும்பியதும் அக்கா முந்தானையால் ஓரத்தைத் துடைக்கப் போனார். அண்ணியார் பார்த்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா பூஜைப் பொட்டத் தொடைக்கறாளே" என்றார். பூஜையில் வைத்த வண்டியை மறுநாள் மறுபூஜை முடியும்வரை எடுப்பதில்லை, பொட்டைத் துடைப்பதும் இல்லை. அது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். அக்கா கையை எடுத்துக்கொண்டார். சந்தனம் ஒரு பகலும் ஒரு இரவும் அங்கேயே இறங்கிக் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் புடவைகள் வந்து சேர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அக்கா பட்டனைக் கொஞ்சம் அழுத்தியே அமுக்கினார். வண்டி கிளம்பியது. உள்ளே போன பட்டன் வெளியே வரவில்லை. அந்த இன்ஜின் போடுகிற சத்தத்தில், கூடவே செல்ஃப் மோட்டாரும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருப்பது யார் காதில் விழும்? திருப்புலிவனம் தாண்டும்போது பேட்டரிப் பெட்டியிலிருந்து புகை வந்தது. ஒயர் பற்றிக்கொண்டது. அக்கா முதலில் புடவை மூட்டையை அவிழ்த்து வயலோரம் வீசினார், பிறகு வரப்புச் சேற்றை அள்ளிப் போட்டு நெருப்பை அணைத்தார். உள்ளங்கை வெந்துவிட்டது. வண்டி தப்பியது. மூட்டைக்கு அடியில் இருந்த ஒரு முகூர்த்தப் புடவையின் முந்தானை கருகியிருந்தது.

பாய் பட்டனைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றிச் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. அக்கா அதை அப்படியே கட்டுப் போட்ட கையில் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நான் கூடப் போனேன். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

"பாருண்ணா. நீ வெச்ச சந்தனம். இதாலதான் பட்டன் மாட்டிக்கிச்சி. வண்டி மேல தப்பு இல்ல. மொதலாளிகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லு, நம்புவாரு."

அண்ணன் அந்தப் பட்டனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்றுதான் என் ஞாபகம். பிறகு, "சாமிக்கு வெச்ச சந்தனத்தக் குத்தம் சொல்றியா?" என்றார்.

 சாமியின் சந்தனத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "சின்னவ, நீ சும்மா இரு" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடக்கினார்கள். அண்ணியார் மட்டும், "அறுத்தவ எடுத்த வண்டி எரிஞ்சிச்சி, இதுக்கு மேல சாமி வந்து எதிர்ல நின்னா சொல்லும்?" என்றார்.

முதலாளி கெட்டவர் அல்லர். "ஒன்னத் தப்பு சொல்லலம்மா. ஆனா நெருப்புப் புடிக்கிற வண்டியில பட்ட எப்பிடி அனுப்பறது?" என்றார். பக்கத்தில் கைகட்டி நின்றிருந்த அண்ணன், "நான் பஸ்லயே கொண்டாந்துடறேன் மொதலாளி" என்றார். சுற்று அன்றோடு கைமாறியது. சில நாளில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். வண்டியையும் அண்ணன் விற்றுவிட்டார், யாருக்கு என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. அந்தப் பட்டனை அக்கா கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். வைத்திருக்கவில்லை. அன்றைக்கே கிணற்றில் வீசிவிட்டார்.

அதன்பிறகு அக்கா அண்ணன் வீட்டுத் தறிகளுக்கு, நாடாவில் வைக்கும் நூற்குச்சியான தாரைச் சுற்றிக்கொண்டு இருந்தார். அண்ணன் சோறு போட்டார், தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார், அதை மறுக்க மாட்டேன். அக்காவின் சத்தமான சிரிப்பு மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் கேட்டதில்லை. "நானே கூட்டிக்கினு போறேன், தென்னேரிக்கு வந்துடுக்கா" என்று பலமுறை அழைத்தேன். "அங்க வந்தாலும் தார்தான சுத்தணும்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் மகன் ஒரு ஸ்கூட்டர் வாங்கினான். பட்டனை அமுக்கினால் கிளம்புகிற புது மாதிரி. இப்போது பெண்பிள்ளைகள்கூட அதில் போகிறார்கள். ஊர் அதிசயமாகப் பார்த்தது. அக்கா பார்க்கவில்லை, தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா இருந்த கடைசி ஆயுத பூஜைக்கு நான் போயிருந்தேன். தறிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு அண்ணன் ஸ்கூட்டருக்கு வந்தார். லைட்டுக்கு வைத்தார், சக்கரத்துக்கு வைத்தார், சீட்டுக்கும் வைத்தார். ஹேண்டில் பாரில் பட்டன் இருக்கிற இடத்தை மட்டும் விட்டு, சுற்றி வைத்தார். கிண்ணத்தில் சந்தனம் மீந்திருந்தது.

அக்கா எழுந்து வந்தார். "பட்டன்ல வெக்கலயாண்ணா?" என்று கேட்டார்.

"அதுல வெக்கக் கூடாது" என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.

 அக்கா உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து தாரைச் சுற்றத் தொடங்கினார். அன்று அவர் சாப்பிடவில்லை. கார்த்திகையில் இருமல் வந்தது, தையில் போய்விட்டார். டாக்டர்கள் நெஞ்சுச் சளி என்றார்கள், அவர்கள் படித்தவர்கள், சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

மரபுப்படி நன்றி சொல்லி முடிக்க வேண்டும். கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அம்மாவுக்கு நன்றி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அண்ணன் மகனுக்கு மனமார்ந்த நன்றி, நீ நல்லதா எழுதச் சொன்னாய், இவ்வளவுதான் எனக்கு வந்தது. அழைக்காமலே வந்து, தெருமுனையில் ஒதுங்கி நின்று, பாடை கடக்கும்வரை தலை குனிந்திருந்த பாய்க்கு நன்றி.

அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சென்ற ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். கூடத்தில் மாட்டியிருக்கும் அக்காவின் படத்தை அண்ணன் இறக்கித் துடைத்து, நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டாக வைத்தார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குப் போனார். அந்தப் பட்டனில் இந்த வருஷமும் வைக்கவில்லை.